கூண்டிலிருந்து மீட்ட முட்டைக்கோழியைத் தேற்றி வீடு சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெட்டியைத் திறந்ததும் கோழி சிறகடித்துப் பாயும் என்றுதான் முதல்முறை நானும் நினைத்தேன். பாயவில்லை. நான்கு கோழிகளும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைத் தூக்கி மண்ணில் விட்டேன். ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாகச் சாய்வான கம்பித் தளத்தை மட்டுமே மிதித்த கால் அது. நகம் நீண்டு வளைந்திருந்தது. கழுத்திலும் முதுகிலும் இறகில்லை. வெளிறிய கொண்டை ஒரு கண்ணை மறைத்துத் தொங்கியது.

அந்த நான்கில் ஒன்று ஐந்தாம் நாள் இறந்தது. ‘பாவம், கம்பில் உட்கார்ந்ததே இல்லையே’ என்று இடுப்பளவு உயரத்தில் கம்பு கட்டி, மாலையில் நானே அதைத் தூக்கி அமர்த்தியிருந்தேன். விடியற்காலையில் கீழே குதித்தது. தொடையெலும்பு முறிந்துவிட்டது. அதன்பின் பல முறை கோழிகளைக் கொண்டுவந்து, தேற்றி, வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே வரும் படிகளில் பாதிக்குமேல் ‘இதை இன்னும் செய்யாதீர்கள்’ என்ற வகைதான். காரணம் அந்த உடம்பின் கணக்கில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உடம்பு பட்டிருக்கும் கடன்

வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். பண்ணைக்கென்று உருவாக்கிய கலப்பினம் 18 வார வயதில் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் சேர்த்தால் 20 கிராம்தான் தேறும். அதாவது ஓர் ஆண்டில் தன் எலும்பில் இருப்பதைப்போல முப்பது மடங்கு கால்சியத்தை அது ஓடாக வெளியே அனுப்புகிறது.

ஓடு படிவதற்கு 20 மணி நேரம் பிடிக்கும். பெரும்பகுதி இரவில் நடக்கும். அப்போது தீனிப்பை (கழுத்தின் அடியில் தின்ற இரை தங்கும் பை) காலியாக இருந்தால், தேவையான கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. நடமாட்டமும் இல்லாததால் எலும்பு மேலும் மெலிகிறது. 1989இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, கூண்டிலிருந்து வெளியேற்றி இறைச்சிக்கூடம் வரை கொண்டுசென்ற கோழிகளைப் பரிசோதித்தது. அவற்றில் 29 விழுக்காட்டுக்கு, அறுப்பதற்கு முன்பே ஓர் எலும்பாவது முறிந்திருந்தது.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது 450 முதல் 550 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளின் பரப்பே 624 சதுர செ.மீ. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் இத்தகைய வெறுங்கூண்டுகளைத் தடைசெய்துவிட்டது. ஆனால் அங்கு அனுமதி பெற்ற மேம்படுத்திய கூண்டிலும் ஒரு கோழிக்கு 750 சதுர செ.மீ. தான். இதில் சிறகை விரிக்க முடியாது. நாளுக்கு 16 மணி நேரம் விளக்கொளி. கொத்திக்கொள்ளாமல் இருக்க அலகின் நுனியைக் குஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள்.

72 முதல் 80 வார வயதில் முட்டையின் எண்ணிக்கை குறைந்து, ஓடும் மெலியத் தொடங்கும். அப்போது பண்ணை மொத்தமாகக் கழித்துவிடும். உங்களிடம் வருவது அந்தக் கோழிதான். வயதில் கிழடு இல்லை, ஆனால் உடம்பெங்கும் கடன். கடனை அடைக்க மாதக்கணக்கில் ஆகும்.

கொண்டுவரும் முன்

தனிக்கோழி வேண்டவே வேண்டாம். குறைந்தது மூன்று. முதல்முறை என்றால் நான்குக்கு மேல் எடுக்காதீர்கள். இரக்கம் பொங்கி இருபதைக் கொண்டுவந்து திணறியவர்களை எனக்குத் தெரியும். நான்கு என்றால் ஒவ்வொன்றின் எச்சத்தையும் நடையையும் தினமும் பார்க்க முடியும். இருபதில் நோய்க்கோழி மற்றவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். கோழி தன் நோயைக் காட்டிக்கொடுக்காது.

பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பல மருத்துவர்கள் நாய், பூனை, மாட்டோடு நின்றுவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு, முட்டை வெளிவராமல் உள்ளேயே அடைத்துக்கொண்ட கோழியைக் கையில் வைத்துக்கொண்டு தேடும் விஷயமல்ல இது. உங்கள் பகுதியில் கோழி வளர்க்கப் பதிவு தேவையா, பறவைக்காய்ச்சல் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பண்ணையில் கேட்க வேண்டியவை நான்கு: கோழியின் வயது, போட்ட தடுப்பூசிகள், கொடுத்துவரும் தீவனம், கடைசியாக என்ன மருந்து எப்போது கொடுத்தார்கள். பதில் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். கிடைத்தவரை எழுதி வையுங்கள்.

கொட்டகைக்குள் ஒரு கோழிக்குக் குறைந்தது 0.4 சதுர மீட்டர், வெளியே அடைப்பில் 2 சதுர மீட்டர் இருக்கட்டும். தரையில் கம்பிவலை கூடாது. மரத்தூள் சீவல், உமி, நறுக்கிய வைக்கோல் என்று உலர்ந்த எதையாவது 7 அல்லது 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். காற்றோட்டம் கோழியின் தலைக்கு மேலே அமைய வேண்டும். இறகில்லாத முதுகில் நேரே வீசக் கூடாது. கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நிற்கும்போது தெரியாத அமோனியா வாடை குந்தினால் மூக்கில் ஏறும். கோழி நாள் முழுக்கச் சுவாசிப்பது அந்த உயரத்துக் காற்றைத்தான்.

வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை நாயும் நரியும் பல்லால் கிழித்துவிடும். எலி கண்ணிலேயே நுழைந்துவிடும். 12 மி.மீ. சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் உதவும். அதன் அடியை 30 செ.மீ. ஆழம் புதையுங்கள், அல்லது அதே அகலத்துக்கு வெளிப்புறம் தரையில் படியவிட்டு மண் போடுங்கள். இந்தக் கோழிகளுக்கு ஓடவும் தெரியாது, பறக்கவும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால், புதியவற்றுக்கு நான்கு வாரம் முற்றிலும் தனி இடம், தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. பழைய கோழிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் புதியவற்றிடம் போங்கள், வரிசையை மாற்றாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் பண்ணைக்கோழி சுவாச நோயைச் சுமந்து வரலாம். உங்கள் கோழியிடம் இருக்கும் ஏதோ ஒன்று புதியதற்கு எமனாகவும் முடியலாம்.

பிடிப்பதும் ஏற்றுவதும்

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்கும் பழக்கம் பலருக்குக் கையோடு ஊறியது. இந்தக் கோழிகளிடம் அது எலும்பு முறிக்கும் வேலை. இரண்டு கைகளாலும் சிறகுகளை உடம்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையை மார்புக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். கூண்டின் வாயில் குறுகலாக இருந்தால் பின்பக்கமாக இழுக்காமல், உடம்பைத் திருப்பி முன்பக்கமாக எடுங்கள்.

காற்றுத் துளையுள்ள பெட்டியில் தாள் போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். வழுக்கும் தரையில் கால் விரிந்துபோனால் பிறகு நிமிராது. ஒரு பெட்டிக்கு மூன்று அல்லது நான்கு போதும். மங்கலான வெளிச்சத்தில் கோழி அடங்கியிருக்கும் என்பதால் அதிகாலை அல்லது மாலைப் பயணம் நல்லது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதல் மூன்று நாள்

பெட்டியைக் கொட்டகைக்குள் வைத்துப் பக்கவாட்டில் திறந்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அதுவாக வரட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். நான்காம் நாள் வரச் சொல்லுங்கள். முதல் மூன்று நாளும் கோழிகள் கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும். திறந்தவெளி, காற்று, பறக்கும் காக்கை என்று எல்லாமே அவற்றுக்குப் புதிது. நான்கு பக்கமும் சுவர் இருக்கும் இடத்தில்தான் மூச்சுவிடும்.

பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே இருக்கும். அது சோர்வு, உடனே நோய் என்று பதற வேண்டாம். ஆனால் தொடர்ந்து கண்மூடி, இறகைச் சிலிர்த்து, தீவனத்தின் பக்கமே வராத கோழியைத் தனியே எடுத்துச் சூடான இடத்தில் வையுங்கள். கோழியின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ் என்பதால் கைக்கு எப்போதும் சூடாகவே இருக்கும். தொட்டால் கால் குளிர்ந்திருந்தால்தான் கவலை.

பொழுது சாயும்போது போய்ப் பாருங்கள். கம்பில் ஏறத் தெரியாத கோழிகள் மூலையில் குவியும். குளிர் இரவில் அடியில் சிக்கியது மூச்சுத் திணறிச் சாகலாம். மூலைகளில் வைக்கோல் பொதியை வைத்து மழுக்கிவிட்டால் குவியல் குறையும். விளக்கை எரியவிட வேண்டாம். 16 மணி நேர வெளிச்சத்துக்குப் பழகியதற்குச் சட்டென்று இருட்டு வந்தால் தடுமாறும்தான், ஆனால் அந்த இருட்டுதான் முட்டையை நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுக்கும்.

தண்ணீரும் தீவனமும்

முதல் கோளாறு தண்ணீரில்தான் வரும். கூண்டில் அவை நிப்பிள் குழாயைக் கொத்திக் குடித்தவை. பாத்திரத்தில் தேங்கிய தண்ணீர் குடிக்கும் பொருள் என்றே பலவற்றுக்குத் தெரியாது. பாத்திரத்தை முதுகு உயரத்துக்குச் செங்கல்மேல் வையுங்கள். ஒரு கோழியைப் பிடித்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் நனையுங்கள். மூக்குத் துளை மூழ்கக் கூடாது. தலையை நிமிர்த்தி விழுங்கிவிட்டால் பாடம் முடிந்தது. மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். முடிந்தால் முதல் வாரம் ஒரு நிப்பிள் குழாயும் தொங்கட்டும். ஒரு கோழி நாளுக்கு 200 முதல் 250 மி.லி. குடிக்கும்; வெயில் காலத்தில் இரு மடங்கு ஆகும். பாத்திரத்தில் அளந்து ஊற்றி, மாலையில் மிச்சத்தை அளந்து பாருங்கள். யாருமே குடிக்கவில்லை என்பது அப்படித்தான் தெரியவரும்.

தீவனத்தில் பலரும் செய்யும் தவறு, ‘இயற்கை உணவு’ கொடுக்கிறேன் என்று முதல் நாளே தானியத்தையும் கீரையையும் கொட்டுவது. இவை இதுவரை தின்றது தூளாக அரைத்த முட்டைக்கோழித் தீவனம் மட்டுமே. அதையே தொடருங்கள். ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 130 கிராம். புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருக்கட்டும். குருணைத் தீவனத்துக்கு மாற வேண்டுமானால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாறுங்கள். நோஞ்சான் கோழிக்குத் தூள் தீவனத்தை வெந்நீரில் பிசைந்து வெதுவெதுப்பாக வைத்தால் தின்னும்; இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், புளித்துப்போகும்.

அலகு வெட்டிய கோழிக்கு மேலலகு குட்டையாக இருக்கும். தரையில் சிதறிய தானியத்தை அதனால் எடுக்க முடியாது. கொத்திக் கொத்தி ஏமாறும். மூன்று, நான்கு விரல் ஆழமுள்ள பாத்திரத்தில் தீவனம் நிறைந்திருந்தால் அள்ளித் தின்னும். நாளெல்லாம் கொத்தியும் எடை கூடாத கோழியைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் முதலில் அதன் அலகைப் பார்க்க வேண்டும்.

கோழிக்குப் பல் இல்லை. அரைவைப்பைக்குள் இருக்கும் சிறு கற்கள்தான் தானியத்தையும் புல்லையும் அரைக்கும். தூள் தீவனத்தில் வளர்ந்த கோழிக்கு அந்தக் கற்கள் போதுமான அளவு இருக்காது. அப்படிப்பட்டதை நேரே நீளமான புல்லில் விட்டால், தின்ற புல் தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். ஆகவே முதல் வாரத்திலேயே மிளகளவு கரடுமுரடான கற்களை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பொடியாக நறுக்கிய கீரை. புல்லைக் குட்டையாக வெட்டிய பிறகே மேய்ச்சல்.

கிளிஞ்சல் இன்னொரு தனிக் கிண்ணத்தில். தூளாக வேண்டாம், அரிசி அளவுத் துண்டுகளாக இருக்கட்டும். மாலையில் தின்ற துண்டு இரவு முழுக்க மெதுவாகக் கரைந்து, எலும்பைப் பிடுங்கும் அந்த நேரத்தில் கைகொடுக்கும். தீவனத்தில் கலக்காதீர்கள், எவ்வளவு தேவை என்று கோழிக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு கோழி முதல் வாரம் தீவனத்தை விட்டுவிட்டுக் கிளிஞ்சல் கிண்ணத்தருகிலேயே குடியிருந்தது.

வீட்டு மிச்சங்களைப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கொடுக்க வேண்டாம். உப்புப் பண்டம், பூசணம் பிடித்தது, சாக்லேட், வெண்ணெய்ப்பழம், வேகாத உலர்பயறு ஆகியவை கூடவே கூடாது.

உடம்பை ஒருமுறை முழுதாகப் பார்ப்பது

இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், மங்கலான நேரத்தில், மடியில் துணி போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள், பெரும்பாலானவை 1.5 முதல் 2 கிலோவுக்குள் இருக்கும். மார்பெலும்பை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினால் பலவற்றில் வளைவோ முடிச்சோ தட்டுப்படும். அது கூண்டில் முறிந்து தானாகக் கூடியது. பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். சிறகைத் தொட்டால் கத்துகிறதா, ஒரு சிறகு மட்டும் தொங்குகிறதா, பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம். நகத்தை ஒரேயடியாக வெட்டாதீர்கள். உள்ளே இரத்தக்குழாய் இருக்கிறது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் வெட்டினால் குழாயும் மெல்லப் பின்வாங்கும்.

எச்சத்துளையைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருப்பவை பேன் முட்டைகள். பேன் கோழியின் மேலேயே வாழும். சிவப்புச் செள் அப்படியல்ல. பகலில் மரவெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் டார்ச்சும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பின் அடிப்பக்கத்தைத் தாளால் ஒரு இழுப்பு இழுங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தம். கொண்டை சிவக்காமலே இருக்கும் பல கோழிகளின் ரகசியம் இந்தத் தாளில் அகப்பட்டிருக்கிறது.

சூடான காலத்தில் செள்ளின் வாழ்க்கைச் சுற்று ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும் என்பதால் ஒரு முறை மருந்தடித்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. கோழியைவிடக் கொட்டகைக்குத்தான் அதிக வைத்தியம்: கம்பைக் கழற்றி, வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும். மருந்தும் குடற்புழு நீக்கமும் மருத்துவர் சொல்லும் அளவில் இருக்கட்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிமேல் தெளிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேனோடு கோழியும் போய்விடும். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேளுங்கள்.

கோழியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். ஆரோக்கியமான கோழியும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் தூரத்திலிருந்து பார்த்து ரசிக்கட்டும்.

மண், வெயில், கம்பு

நான்காம் நாள் கதவைத் திறந்து வையுங்கள். துரத்தி வெளியேற்ற வேண்டாம். துணிச்சலான ஒன்று வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கும்; உள்ளே ஓடும்; திரும்ப வரும். முதல் வாரத்தில் காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரம் போதும். முதுகு வெறுந்தோலாக இருப்பதால் உச்சிவெயில் சுட்டுவிடும். அடைப்பில் பாதியாவது நிழல் இருக்கட்டும். வாயைத் திறந்து மூச்சுவாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் உடனே வேண்டும்.

மழை படாத ஓரத்தில் உலர்ந்த மண்ணும் மணலும் கலந்து, ஒரு முழ ஆழத்துக்கு ஒரு குழி. அவ்வளவுதான் உங்கள் வேலை. மண் குளியலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முதல்நாள் கோழி, காலை எங்கே வைப்பது என்று நின்றதே, அது பதினோராம் நாள் குழியில் இறங்கியது. ஒருமுறை கீறியது. இன்னொருமுறை கீறியது. பிறகு முழங்கால் மடிந்து பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு சிறகால் புழுதியை முதுகின்மேல் அள்ளி எறிந்தது. முதுகில் இறகே இல்லை. புழுதி நேரே தோலில் விழுந்தது. அரை மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்துச் செத்துவிட்டதோ என்று கிட்டே ஓடினேன்.

கம்பு முதல் மாதம் 20 செ.மீ. உயரத்தில் போதும். 4 அல்லது 5 செ.மீ. அகலம், முனை மழுங்கியது, கோழிக்கு 25 செ.மீ. நீளம். ஏறாவிட்டால் விட்டுவிடுங்கள், வைக்கோலில் தூங்கட்டும். இரண்டாம் மாதம் 40 செ.மீ.க்கு உயர்த்தி, ஏறி இறங்கக் குறுக்குச் சட்டம் அடித்த சாய்பலகை வையுங்கள். பலகை ஏறுவதற்கு என்று நினைப்போம்; எலும்பு முறிவது இறங்கும்போது.

அந்தி சாய்ந்ததும் தானே கொட்டகைக்குள் போகும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. இருட்டினால் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் நீங்களே தூக்கி உள்ளே விட வேண்டும். எண்ணிப் பார்த்துக் கதவை அடையுங்கள்.

சண்டையும் சேர்த்துவைப்பதும்

கூண்டில் ஒன்றாக இருந்தவை வெளியே வந்ததும் அடித்துக்கொள்வது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். யார் பெரியவர் என்று புதிதாகத் தீர்மானிக்கிறார்கள். இரண்டு, மூன்று நாளில் அடங்கும். தீவனப் பாத்திரம் இரண்டு, தண்ணீர் இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள். ஓடி ஒளிய ஒரு தடுப்புப் பலகையும் வேண்டும். கொத்துதல் சகஜம். இரத்தம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அடிபட்டதைப் பிரித்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்ததும் மற்றவை சேர்ந்து கொத்தும்; அது உயிரை எடுக்கும்வரை ஓயாது.

பழைய கோழிகளோடு சேர்ப்பது நான்கு வாரத்துக்குப் பிறகே. நடுவில் வலை போட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி இரண்டு வாரம் விடுங்கள். பிறகு இரு தரப்புக்கும் புதிதான இடத்தில், கீரைக்கட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, நீங்கள் அருகிலிருக்கும்போது திறந்துவிடுங்கள். ஒற்றைக் கோழியை மட்டும் கூட்டத்துக்குள் விடக் கூடாது. துணைக்கு ஒன்றாவது சேர்ந்து போகட்டும்.

இறகு

மூன்று, நான்கு வாரத்தில் தோலில் நீலச் சாயலோடு முட்கள்போலக் குத்தி நிற்கும். அவை இரத்தம் ஓடும் இளமுனைகள். தொட்டால் வலிக்கும், அந்த நாட்களில் கோழியைத் தூக்காதீர்கள். ஒன்று ஒடிந்து இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இறகு ஏறக்குறைய முழுவதும் புரதம் என்பதால் தீவனத்தின் புரதம் இப்போது குறையக் கூடாது. முழுப் போர்வை வர மூன்று மாதம்கூட ஆகலாம்.

கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப்போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. படத்தில் அழகாக இருக்கும். சட்டை ஈரத்தைப் பிடிக்கும், பேனுக்கு வீடாகும், இளமுனைகளை உரசும், கோழி தன் இறகைக் கோதவும் முடியாது. குளிருக்குக் காற்றடிக்காத உலர்ந்த கொட்டகை போதும். பின்னலில் கைதேர்ந்தவர்கள் எனக்கு ஒரு சால்வை பின்னிக் கொடுக்கலாம்.

முட்டையும் அதனால் வரும் நோயும்

வந்த முதல் வாரம் பல கோழிகள் தொடர்ந்து முட்டையிடும். தோல்முட்டை, மெல்லிய ஓடு, வடிவம் கெட்டது எல்லாம் வரும். பிறகு இறகு உதிர்ந்து இரண்டு மாதம்வரை நின்றுவிடலாம். நிற்கட்டும்.

இவை இறப்பது பெரும்பாலும் முட்டை சார்ந்த நோயால்தான். கோழி உடம்பை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, அடிக்கடி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் அடிவயிறு மூழ்க இருபது நிமிடம் உட்காரவைத்து, இருட்டான வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவர். உள்ளே முட்டையை உடைக்க ஒருபோதும் முயலாதீர்கள். வயிறு தண்ணீர்ப்பைபோலத் தொங்கினால் மஞ்சள்கரு வயிற்றறைக்குள் விழுந்து சீழ்பிடித்திருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். முட்டைக்கோழிகளுக்குச் சூற்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம். முட்டையிடுவதையே சில மாதம் நிறுத்திவைக்கும் ஹார்மோன் மருந்து தோலுக்கடியில் வைக்கப்படுவதுண்டு. மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

காலையில் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். இரவு நிறைந்தது விடிந்தும் கல்போலவோ தண்ணீர்ப்பைபோலவோ இருந்தால் அடைப்பு அல்லது புளிப்பு. தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்கும் நாட்டுவைத்தியத்தில் தண்ணீர் மூச்சுக்குழாயில் ஏறிச் செத்துவிடும். பல கோழிகள் ஒரே நாளில் சட்டென்று இறந்தால், யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

சில கோழிகள் சில வாரத்திலேயே போய்விடும். பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு இருக்கும். ஐந்தைத் தாண்டுவதும் உண்டு.

வீடு தேடிக் கொடுப்பது

ஆறு வாரத்துக்கு முன் அனுப்பாதீர்கள். தானே கொட்டகைக்குள் போகிறதா, எடை கூடியிருக்கிறதா, செள் இல்லையா என்ற மூன்றுக்கும் ‘ஆம்’ வந்த பிறகே ஆளைத் தேடுங்கள்.

கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும், ‘நாளுக்கு எத்தனை முட்டை போடும்?’ என்பதுதான். அதற்காகக் கோபப்பட வேண்டாம், கேட்பது இயல்பு. ‘ஒருவேளை ஒன்றுமே போடாது’ என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். அதன் பிறகும் பேச்சைத் தொடர்கிறவரிடம் மற்றதைக் கேளுங்கள். இரவில் கதவடைப்பவர் யார்? நீங்கள் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? நாய் இருக்கிறதா? சேவல் இருக்கிறதா? இறகு வராத முதுகில் சேவல் மிதித்தால் கிழிந்துவிடும். வலையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய், அதே குந்தி உட்காரும் சோதனையைச் செய்யுங்கள். ஒருமுறை அன்பான ஒரு குடும்பத்துக்கு வலையைப் பார்க்காமலே நான்கைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை தொலைபேசி வந்தது. எடுத்தவுடன் அழுகைதான் கேட்டது.

அறுக்கவோ விற்கவோ மாட்டோம், வளர்க்க முடியாமல் போனால் திருப்பித் தருவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோழிகளை இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ, ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்காமல் அனுப்புங்கள். எடைக் குறிப்பு, கொடுத்த மருந்து, தேதி எல்லாம் கூடவே போகட்டும். பத்து நாளுக்கான அதே தீவனத்தையும், அவை குடித்துப் பழகிய அதே தண்ணீர்ப் பாத்திரத்தையும் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். புது வீட்டில் முதல் மாலை எதுவுமே புரியாமல் நிற்கும்போது, அந்தப் பாத்திரத்தையாவது அவை அடையாளம் கண்டுகொள்ளும்.